ஆறு வெற்றிகள், ஐந்து ஆட்கள்

“அஞ்சரையா? பத்துக்கு அஞ்சரையா போட்டிருக்க?”

“அந்த நோட்ட ஏன்ப்பா எடுத்தீங்க?”

“மேசை மேல கெடந்துது, எடுத்தேன். கால் வேலை அஞ்சரை. தற்காப்பு அஞ்சு. ஏட்டி, இது உன் தம்பிக்குப் போட்ட மார்க்கா, இல்ல பக்கத்து வீட்டுக்காரனுக்கா?”

“என் தம்பிக்குத்தான்.”

“முப்பத்தி நாலு வருஷம் கணக்குப் பேப்பர் திருத்தியிருக்கேன். ஆறு கணக்குக் குடுத்து ஆறும் சரின்னா நூத்துக்கு நூறு. அவன் ஆறு சண்டை போட்டு ஆறும் ஜெயிச்சிருக்கான். இதுல அஞ்சரை எங்கன இருந்து வந்துது?”

“ஆறும் ஒண்ணாங்கிளாஸ் கணக்கா இருந்தா என்ன செய்வீங்க?”

அவர் பக்கத்தைப் புரட்டினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நோட்டை மூக்குக்கு அருகே கொண்டுபோனார்.

“‘அடி தாங்கும் திறன்’னு எழுதியிருக்கு. எதிர்ல ஒண்ணையும் காணோமே?”

“தெரியலப்பா. அவன இதுவரைக்கும் யாரும் ஒழுங்கா அடிச்சதே இல்ல.”

“அடியே வாங்காதவனுக்குப் பத்துல்லா போடணும்!”

சொன்னதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை உருவினார். ஓய்வு பெற்று நான்கு வருஷமாகியும் அந்தப் பேனா மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. ஐந்தரையை அடித்து எட்டரை. ஐந்தை அடித்து எட்டு. வெறுமையாகக் கிடந்த இடத்தில், வட்டம் போட்டு, பத்து.

“எப்பா!”

“மறுமதிப்பீடு” என்றார் வேதமுத்து. நோட்டை மூடி மகள் கையில் கொடுத்துவிட்டு, பழைய டீச்சர் நடையில், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

கெசியா நோட்டைப் பிடித்தபடி நின்றாள். கத்த வேண்டும் போலிருந்தது. பாளையங்கோட்டையில் சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, நாலு வீடு சேர்ந்த காம்பவுண்டில் எங்கே போய்க் கத்துவது?

வியாழக்கிழமை வந்த ஒரு மின்னஞ்சலுக்காகத்தான் அந்த மார்க்குகளைப் போட்டிருந்தாள்.

இரண்டு வருஷமாக அவள் செய்கிற வேலை அது. உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் ஒரு பையன் குத்துச்சண்டையில் வரிசையாக ஜெயித்துக்கொண்டிருப்பான். அவனை ‘அடுத்த புயல்’ என்பார்கள், ‘வருங்காலச் சாம்பியன்’ என்பார்கள். பேங்காக்கில் இருந்து பந்தயங்களை ஏற்பாடு செய்கிற ஒரு நிறுவனம், அந்தப் பையனின் சண்டைகளின் வீடியோவை அவளுக்கு அனுப்பும். இவன் உண்மையிலேயே புயலா, இல்லை மின்விசிறிக் காற்றா என்று இரண்டு பக்கத்தில் அவள் எழுதித் தர வேண்டும். அவர்களுக்கு அவள் வெறும் ‘கே.வி.’ ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. இதுவரை முப்பத்தொரு பையன்களைப் பார்த்திருக்கிறாள். அதில் நான்கு பேர்தான் புயல்.

முப்பத்திரண்டாவது கோப்பு, அவள் தம்பி மெர்வின். வயது இருபத்திரண்டு. ஆறு சண்டை, ஆறு வெற்றி.

அறிக்கை நல்லபடியாக இருந்தால் இரண்டு மாதத்தில் பேங்காக்கில் எட்டு ரவுண்டுப் பந்தயம். எதிரில் ஓர் உஸ்பெக் பையன். ஒன்பது சண்டை, அதில் ஏழு பேரை வலது கையால் தரையில் படுக்க வைத்தவன். கெசியா அவனுடைய வீடியோவையும் பார்த்திருந்தாள். விழுந்தவர்களில் ஒருவன் எழுந்து உட்கார்ந்து, தன் காலைத் தன் காலென்று தெரியாமல் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். அதை அவளால் மறக்க முடியவில்லை.

‘இது என் தம்பி, நான் எழுத மாட்டேன்’ என்று நேற்றே எழுதிப் போட்டிருக்கலாம். ஆனால் வேறு யாரோ எழுதுவார்கள். எழுதுகிறவன் இடது கையைப் பார்ப்பானா? நீட்டிய இடது கையைத் திரும்பக் கொண்டுவரும்போது மெர்வின் அதைத் தாழ்த்துகிறான், தாடை திறந்து கிடக்கிறது என்பதை ஆறு வெற்றிகளின் பளபளப்பில் எவன் பார்க்கப் போகிறான்?

அப்பாவுக்கோ இது தேவ சித்தம். “உன் கைக்கே வந்திருக்குன்னா யாரு அனுப்புனது?” என்கிறார். நாளை ஞாயிறு ஆராதனையில் சபைப் போதகரான ஐயர் மெர்வின் பேரைச் சொல்லி விசேஷ ஜெபம் செய்யப்போகிறார். பஸ் நிலையத்துக்கு எதிரே ‘தாமிரபரணியின் இடி’ என்று பிளெக்ஸ் நிற்கிறது. அதில் மெர்வினுக்குப் பின்னால் ஒரு புலி, புலிக்குப் பின்னால் ஒரு மின்னல். இன்று மாலை ஆறு மணிக்குள் அறிக்கை போயாக வேண்டும்.

அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மடிக்கணினியைத் திறந்தாள்.

கெசியாவுக்கு ஒரு பழக்கம். ஜெயிக்கிறவனை அவள் முதலில் பார்ப்பதில்லை. தோற்கிறவனைப் பார்ப்பாள். ஜெயிக்கிறவன் தான் காட்ட நினைப்பதைக் காட்டுவான். தோற்கிறவன் எதையும் மறைக்க முடியாது. அவன் எங்கே பயந்தான், எப்போது சோர்ந்தான், எந்த அடிக்கு உண்மையில் வலித்தது என்று பார்த்தால், அடித்தவனின் எடை தானாகத் தெரிந்துவிடும்.

இன்னொரு பழக்கம், சத்தத்தை அணைத்துவிடுவாள். அது அம்மாவுக்காக வந்த பழக்கம். அம்மா ஜெசி, ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எத்தனையோ காயத்துக்குக் கட்டுப் போட்டவள், மகனுடைய ஒரு சண்டையைக்கூடப் பார்த்ததில்லை. கையுறை உடம்பில் விழுகிற சத்தம் சுவர் தாண்டிக் கேட்டால் சாப்பிடாமல் எழுந்துவிடுவாள். அம்மா பகல் ஷிப்டில் இருந்தாலும் கெசியாவின் விரல் தானாகப் போய்ச் சத்தத்தை அணைத்துவிடும். மெர்வினின் ஆறு சண்டைகளையும் அவள் மீன்தொட்டியைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்திருந்தாள்.

ஐந்தாவது சண்டை. பெங்களூரில் ஓர் உள்ளரங்கம். எதிராளி ரோகித் மாலிக், ஹரியானா. மொட்டைத் தலை, மழித்த முகம்.

அவள் ரோகித் மாலிக்கின் காலைப் பார்த்தாள்.

அவன் பின்னால் போகிறபோது பாதத்தை இழுக்கவில்லை. தூக்கி வைத்தான். முழங்கால் மடங்க, குதிகாலை முதலில் உருவி, பிறகு விரல்களை உருவி. தரை விடாமல் பிடித்து வைத்திருப்பதுபோல. தொளியில் நடந்து பழகியவன் அப்படித்தான் நடப்பான். உழுது தண்ணீர் கட்டிய வயலில் பாதத்தைச் சேற்றிலிருந்து பிடுங்கிப் பிடுங்கி வைக்கிற நடை. சிமெண்டுத் தரையிலும் அது போகாது.

இந்தக் காலை எங்கேயோ பார்த்திருக்கிறாள்.

இரண்டாவது சண்டையைத் திறந்தாள். மதுரையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. எதிராளி கே. லிங்கம். சுருட்டை முடி, மீசை. முகத்தை விட்டுவிட்டுக் காலை மட்டும் பார்த்தாள். குதிகால், விரல். குதிகால், விரல்.

இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓடவிட்டாள். ஒரே ஆள் இரண்டு ஜன்னல்களில் பின்வாங்கிக்கொண்டிருந்தான்.

அவள் ஹெட்போனை எடுத்து மாட்டி, ஐந்தாவது சண்டையின் சத்தத்தைத் திறந்தாள்.

ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்ததுபோல எல்லாச் சத்தமும் ஒன்றாக வந்து மோதியது. விசில். நாற்காலிகள். மூலையிலிருந்து மெர்வினின் மேனேஜர் சுந்தர் “பாடி! பாடி!” என்று கத்துவது. இரண்டாவது ரவுண்டின் நடுவில் இருவரும் கட்டிப்பிடித்து நின்றார்கள். மொட்டைத் தலை மெர்வினின் காதோரம் சாய்ந்தது. கயிற்றுக்குப் பக்கத்திலிருந்த மைக் அதைப் பிடித்திருந்தது.

“பைய லே... பைய.” மெல்லடா, மெல்ல என்று, சுத்தமான திருநெல்வேலித் தமிழில்.

மெர்வின் தலையைப் பின்னுக்கு இழுத்தான். ஒரு நொடி எதிராளியைப் பார்த்தான். அடுத்த நொடி அவன் இடது கை வளைந்து போய் விலாவுக்குக் கீழே விழுந்தது. ஹரியானாக்காரன் “எம்மா” என்று முனகிக்கொண்டு மண்டியிட்டான்.

கெசியா ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். பதினோரு முறை பார்த்த சண்டை. ஒருமுறை கேட்டிருந்தால் போதும்.

வாசலில் அப்பா செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தார்.

“அப்பா, ரெண்டாவது சண்டைக்கு மதுரைக்குப் போனீங்கல்லா? அதுல எதிர்ல நின்ன ஆளு யாரு?”

“சீவலப்பேரிப் பையன். காசிலிங்கம். முன்னால மாவட்ட லெவல்ல மெடல் வாங்குனவன்லா. ஏன், மார்க்க ஏத்தப் போறியா?”

“அஞ்சாவது சண்டைக்கு ஏன் போகல?”

“பெங்களூருக்கா? மூட்டு வலியோட எங்கன போக? போன்ல பாத்தேன்.” செய்தித்தாளுக்கு மேலாக அவளை எட்டிப் பார்த்தார். “எங்க கெளம்பிட்ட?”

“வெளிய.”

“ஆறு மணி!” என்று பின்னாலிருந்து நினைவுபடுத்தினார்.

சீவலப்பேரி டவுன் பஸ் அரை மணி நேரம் கிளம்பவே இல்லை. டிரைவர் டீ குடிக்கப் போனவர் டீத்தூள் வாங்கவே போய்விட்டாரோ என்னவோ. கண்டக்டர் அவளை உற்றுப் பார்த்துக்கொண்டே வந்தார்.

“நீங்க மெர்வின் அக்காதானே? பிளெக்ஸ் போட்டன்னைக்குப் பார்த்தேன். தம்பி எப்ப பேங்காக்?”

“தெரியலண்ணே.”

“என்ன இப்படிச் சொல்லிட்டீங்க? எங்க டெப்போவே பேசுது. அந்த ஹரியானாக்காரன விழத் தட்டுனான் பாருங்க, மலை மாதிரி ஆளு!”

கெசியா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மலை மாதிரி ஆள். மலை சீவலப்பேரியில் இருக்கிறது, அதைப் பார்க்கத்தான் போய்க்கொண்டிருக்கிறேன் என்று சொன்னால் இவர் டிக்கெட் பையைக் கீழே போட்டுவிடுவார்.

சிற்றாறு வந்து கலக்கிற இடத்துக்குச் சற்று மேலே, அறுப்பு முடிந்த வயலில் வைக்கோல் கட்டுகளை டிராக்டரில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கட்டுகள் உருளை உருளையாக, யாரோ விளையாடிவிட்டு அப்படியே விட்டுப்போன பெரிய சாமான்கள்போலக் கிடந்தன. நான்கு பேர் தூக்கினார்கள். ஒருவன் மட்டும் வரப்பில் உட்கார்ந்திருந்தான்.

“காசிலிங்கம் அண்ணன் இருக்காரா?”

“அந்தா உக்காந்திருக்காருல்லா, மிராசுதாரு” என்றான் தூக்கிக்கொண்டிருந்தவன். “ரெண்டு மாசமா அப்படித்தான் உக்காந்திருக்காரு. நாங்க தூக்குததுல ஏதும் கொறை இருந்தா சொல்லுவாரு.”

“போலே, உன் சோலியப் பாரு” என்று வரப்பிலிருந்தவன் எழுந்தான். முடி அரை விரல் வளர்ந்திருந்தது. முப்பதைத் தாண்டிய வயது. “நீங்க யாரும்மா?”

“மெர்வின் அக்கா.”

அவன் வலது கை தானாகப் போய் விலாவின் கீழ்ப்பக்கத்தைப் பொத்திக்கொண்டது. அவனே அதைக் கவனித்துவிட்டுக் கையை எடுத்தான்.

“ரோகித் மாலிக்னு ஒருத்தரத் தேடி வந்தேன்” என்றாள் கெசியா.

காசிலிங்கம் அவளை நன்றாகப் பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். சிரிப்பு பாதியில் வலியாக மாறி, மூச்சைப் பிடித்து நிறுத்திக்கொண்டான்.

“பேரு நல்லாத்தான் இருந்துச்சு. ரெண்டு நாளு வாயத் தொறக்கக் கூடாதுன்னுட்டாரு சுந்தர் அண்ணாச்சி. ஓட்டல்ல சாம்பார் கேக்கணும்னாக்கூட கைய காட்டித்தான் கேட்டேன்.”

“எதுக்குண்ணே இப்படிச் செஞ்சீங்க?”

“அந்த வடக்கத்திப் பையன் வரலம்மா. கடைசி நேரத்துல மாட்டேன்னுட்டான். டிக்கெட் வித்தாச்சு, கேமராக்காரன் வந்தாச்சு. நான் திருச்செந்தூர்ல முடி எறக்கிட்டு வந்து நாலு நாளுதான் ஆயிருந்துது. மீசையயும் எடுத்திரு, உன்னப் பெத்தவளுக்கே அடையாளம் தெரியாதுலேன்னாரு. மூணாவது ரவுண்டுல விழணும்னு பேச்சு.”

“ரெண்டாவதுலயே விழுந்தீங்களே?”

“நான் எங்கம்மா விழுந்தேன்? உங்க தம்பில்லா விழத் தட்டுனான்.” அவன் குரலில் கோபம் இல்லை. ஒரு வேலைக்காரன் இன்னொரு வேலைக்காரனைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னான். “மதுரையில நான் நாத்து நடவுக்குப் போயிட்டு அசதியோட போய் நின்னேன். அது கணக்குல சேராது. ஆனா பெங்களூர்ல வாங்குனது நெச அடி. இன்னும் பாரந்தூக்க முடியல. பையன் கை பொய் இல்லம்மா. அத எழுதிக்கிடுங்க.”

எழுதுவது அவள் வேலை என்று இவனுக்கு எப்படித் தெரியும்? தெரிந்து சொல்லவில்லை. சும்மா சொன்ன வார்த்தைதான். இருந்தாலும் நோட்டு பைக்குள்ளிருந்து அவளைக் குத்தியது.

“அவன் மேல வருவானாண்ணே?”

காசிலிங்கம் கீழே கிடந்த ஒரு வைக்கோலை எடுத்து விரலில் சுற்றினான்.

“அடிக்கத் தெரியுது. அடி வாங்கத் தெரியுமான்னு ஆருக்குத் தெரியும்? எடது கைய நீட்டிட்டு திரும்பி வரும்போது தாழ்த்துதான். தாடை அங்கன சாத்தாத கதவு மாதிரி கெடக்கு. ரெண்டு தடவயும் என் கண்ணு முன்னால கெடந்துது. மொத தடவ எனக்குக் கை எந்திரிக்கல. ரெண்டாவது தடவ எந்திரிக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க.”

தற்காப்பு ஐந்து. அவள் போட்ட மார்க் சரி. சரியாக இருந்ததில் ஒரு துளி சந்தோஷம்கூட வரவில்லை.

கடைசியாக, கேட்க வந்த கேள்வியைக் கேட்டாள். “நீங்கதான்னு அவனுக்குத் தெரியுமா?”

“பைய லேன்னு சொன்னேன். சொன்ன ஒடனே அவன் கண்ணு மாறுச்சு.” வைக்கோலைக் கீழே போட்டான். “அதுக்குப் பொறவுதான் அந்த அடி விழுந்துது. அதுக்கு என்ன அர்த்தம்னு அவன்கிட்டதான் கேக்கணும்.”

திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஆறு சில இடங்களில் தெரிந்தது, சில இடங்களில் மறைந்தது.

கெசியா அந்த உஸ்பெக் பையனை நினைத்துக்கொண்டாள். அவன் ஊரிலும் ஓர் ஆறு இருக்கும். குளிர்காலத்தில் அது உறைந்து கிடக்கும். அவனுக்கும் ஓர் அக்கா இருப்பாள். கம்பளிச் சால்வையைப் போர்த்திக்கொண்டு, ஆவி பறக்கிற ஒரு கோப்பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மெர்வினின் ஆறு சண்டைகளையும் அவள் ஒவ்வொன்றாக ஓடவிடுவாள். அவளுக்கு யாருக்காகவும் சத்தத்தை அணைக்க வேண்டியதில்லை. தாழ்ந்து வருகிற இடது கையைப் பார்த்து நிறுத்துவாள். ‘தம்பி, இங்கே வா’ என்று கூப்பிட்டு விரலால் தொட்டுக் காட்டுவாள்.

பஸ் ஒரு குழியில் இறங்கி ஏறியது.

அப்போதுதான் அந்தக் கவர் ஞாபகம் வந்தது.

மெர்வின் ஒவ்வொரு முறை ஜெயித்து வந்த பிறகும், அடுத்த ஞாயிறு ஸ்தோத்திரக் காணிக்கை போடுவான். கவரின் மேல் அவனே, அந்தக் கோணல் எழுத்தில், பேரும் காரணமும் எழுதுவான். சபை ஐயர் அதை எல்லோருக்கும் வாசிப்பார். ‘குத்துச்சண்டையில் தேவன் தந்த வெற்றிக்காக மெர்வின் ஸ்தோத்திரம் செலுத்துகிறார்.’ அப்பா அப்போது தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் நாலு பக்கமும் ஓட்டிப் பார்ப்பார்.

ஐந்தாவது வெற்றிக்குப் பிறகு அவன் கவர் எழுதவில்லை. ‘வேண்டாம்ப்பா’ என்று மட்டும் சொன்னான். காய்ச்சல் என்று கோயிலுக்கும் வரவில்லை. அப்பா விடுவாரா? தானே எழுதிப் போட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை ‘வேதமுத்து குடும்பத்தார்’ என்றுதான் வாசிக்கப்பட்டது. கெசியா பக்கத்தில் உட்கார்ந்து ஆமென் சொல்லியிருந்தாள். ஆறாவது வெற்றிக்கும் அப்பாதான் எழுதினார்.

பேட்டி கொடுத்தான். பிளெக்ஸுக்கு முஷ்டியை மடக்கிக்கொண்டு நின்றான். ஆனால் அந்தக் கவரின் மேல் மட்டும் அவனால் எழுத முடியவில்லை.

போன் அடித்தது. சுந்தர்.

“தங்கச்சி, அப்பா சொன்னாரு. நம்ம பய கோப்பு உன்கிட்டதான் வந்திருக்காமே? கடவுளாப் பாத்து அனுப்பியிருக்காருல்லா! நல்லதா நாலு வரி. நம்ம ஊரு மானமே உன் கையிலதான் நிக்கி.”

“அண்ணே, ரோகித் மாலிக் இப்ப எங்கன இருக்கார்?”

அந்தப் பக்கம் ஒரு லாரி ஹாரன் அடித்தது.

“ஹலோ? தங்கச்சி? சிக்னல் சரியில்ல, நான் பொறவு கூப்பிடுதேன்.”

அவள் போனிலோ நான்கு கோடும் முழுசாக நின்றன.

மெர்வின் பயிற்சி எடுக்கிற இடம் பழைய எண்ணெய் ஆலை ஒன்றின் பின்கட்டு. தகரக் கூரை. ஆலை நின்று எத்தனையோ வருஷமாகியும் வெயில் ஏறினால் சுவரிலிருந்து கடலைப் புண்ணாக்கு வாசம் வரும். அவள் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்தரை. மெர்வின் தனியாக இருந்தான். பெஞ்சில் உட்கார்ந்து கையில் துணிப்பட்டை சுற்றிக்கொண்டிருந்தான்.

“யக்கா, என்ன இந்நேரம்? அனுப்பிட்டியா?”

அவள் எதிரில் கிடந்த பழைய டயரில் உட்கார்ந்தாள். 

“அஞ்சாவது சண்டைக்கு ஏம்லே காணிக்கைக் கவர் எழுதல?”

பட்டை சுற்றுவது நின்றது. கட்டை விரலுக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் துணி தொங்கியது.

“சீவலப்பேரி போயிட்டு வந்தியா?” என்றான் மெல்ல.

“ஆமா.”

“எப்படி இருக்காரு?”

“வைக்கோல் கட்டுத் தூக்க முடியல. வரப்புல உக்காந்திருக்காரு.”

மெர்வின் தலை குனிந்தான். கூரையில் ஏதோ ஒரு பறவை நடக்கிற சத்தம் தகரத்தில் டக் டக்கென்று கேட்டது.

“மொத ரவுண்டுல தெரியலக்கா. சத்தியமாத் தெரியல. ரெண்டாவதுல பைய லேன்னாரு. எனக்கு அங்கனயே கைகால் விட்டுப்போச்சு.”

“அப்பவே நிறுத்தியிருக்கலாம்லா? கைய தூக்கிச் சொல்லியிருக்கலாம்லா?”

“சொல்லணும்னுதான் நெனச்சேன். அதுக்குள்ள கோவம் வந்திட்டு.” தொங்கிய துணியை ஒருமுறை இழுத்தான். “அவர் மேல இல்ல. என்னப் பத்தி இவ்வளவுதான் நெனச்சிருக்காங்கன்னு. நெசமான ஆளுகூட நிறுத்துனா இவன் தாங்க மாட்டான்னு சுந்தர் அண்ணனே முடிவு பண்ணியிருக்காருன்னா... அந்தக் கோவத்த கொண்டுபோய் அவர் விலாவுல எறக்கிட்டேன். பாவம், அவரு என்ன செஞ்சாரு?”

“ரெண்டு மாசமா வீட்ல ஒரே கூரைக்குக் கீழ இருக்கோம். எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?”

“உங்கிட்ட சொன்னா நீ நோட்ட எடுப்ப.”

அது சுருக்கென்று தைத்தது. உண்மையாக இருந்ததால் இன்னும் ஆழமாகத் தைத்தது. உலகத்துப் பையன்களையெல்லாம் அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்து எழுதுகிறவளிடம், சொந்தத் தம்பி பயந்துபோய் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறான்.

“மத்த நாலு பேரு?” என்று கேட்டாள். “அவங்களும் இப்படித்தானா?”

“தெரியாதுக்கா. அதான் கொடுமை. ஒவ்வொருத்தனையா இப்ப நெனச்சு நெனச்சுப் பாக்கேன். இவன் நெசமா விழுந்தானா, அவன் நெசமா விழுந்தானான்னு. நான் யாருன்னே எனக்குத் தெரியல.”

“அப்பா நாளைக்கு ஐயர்கிட்ட உன் பேரக் குடுத்திருக்காரு.”

“தெரியும்.”

“நான் நெசத்த எழுதுனா உன் லைசென்ஸே போயிரும். பொய்ய எழுதுனா...” அந்த உஸ்பெக் பையனின் வலது கையை அவள் சொல்லவில்லை. காலைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தவனையும் சொல்லவில்லை. “எனக்கு ஆத்திரமா வருதுலே. உன் மேலயா, அப்பா மேலயா, அந்தச் சுந்தர் மேலயான்னு தெரியல. எல்லாரும் ஆளாளுக்கு ஒரு மார்க் வச்சிருக்கீங்க. நான்தான் கூட்டிப் போடணும்.”

“நோட்டக் காட்டு.”

அவள் தயங்கினாள். பிறகு பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

மெர்வின் பட்டை தொங்குகிற கையாலேயே பக்கத்தைப் புரட்டினான். அவளுடைய நீல எழுத்து. அதன் மேல் சிவப்புக் கோடுகள். கடைசி வரிக்கு வந்ததும் அவன் விரல் நின்றது.

“அடி தாங்கும் திறன். பத்து. வட்டம் வேற.” அவன் உதடு கோணியது. சிரிக்கிறானா என்று தெரியவில்லை. “இது அப்பா போட்டதுல்லா?”

“ஆமா.”

“நீ என்ன போட்டிருந்த?”

“ஒண்ணும் போடல. எனக்குத் தெரியல.”

அவன் அந்தச் சிவப்பு வட்டத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் மடியிலிருந்த போன் ஒருமுறை அதிர்ந்தது. பேங்காக்கிலிருந்து ஒரு வரி: அறிக்கைக்காகக் காத்திருக்கிறோம். மணி ஐந்து நாற்பத்தெட்டு.

மெர்வின் நோட்டை மூடி அவள் மடியில் வைத்தான். கையில் பாதி சுற்றிய பட்டையை அவிழ்த்துத் தரையில் போட்டான். வெறும் கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தான். அவன் ஆறு வயதில் பல் விழுந்த அன்றைக்கு இதே மாதிரி பார்த்தது அவளுக்கு ஞாபகம் வந்தது.

“இன்னைக்கு அனுப்பாதக்கா. காசி அண்ணன நாளைக்கு இங்கன கூட்டிட்டு வா. நான் கையத் தூக்க மாட்டேன், அவர் மேல ஒரு விரல்கூடப் படாது. அவரு அடிக்கட்டும். விழணும், பாத்துப் போடணும்னு யாரும் சொல்லாம, அவரு மனசு போல அடிக்கட்டும். நீ இந்த டயர்லயே உக்காந்து சத்தத்தோட பாரு. பாத்துட்டு அந்த ஒரு மார்க்க மட்டும் நீ உன் கையால போடு. செய்வியாக்கா?”